கறிவேப்பிலைக்குக் கீழே

பதினாலாம் நம்பர் ட்ராம் வளைவில் திரும்பியபோது தயாபரனின் பைக்குள் இரண்டு போத்தல்கள் ஒன்றையொன்று முட்டிக் 'கிணிங்' என்றன.

சின்னச் சத்தம்தான். ட்ராமில் இருந்த சுவிஸ்காரர் ஒருவரும் தலை நிமிர்த்தவில்லை. ஆனால் தயாபரனின் காதில் அது கோயில் மணியாக விழுந்தது. பூசை மணியல்ல, ஊரைக் கூட்டுகிற மணி. அவர் பையை மடிக்கு இழுத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். பையின் மேலே பெரிய கட்டுக் கறிவேப்பிலை. அதற்குக் கீழே ஒரு வெறும் ஐஸ்கிரீம் பெட்டி. அதற்கும் கீழே, கடவுளே என்று, அந்த இரண்டும்.

நிமிர்ந்து பார்த்தார். எதிர் இருக்கையில் யோகாம்பாள் அக்கா.

சூரிச்சில் எத்தனை ட்ராம் ஓடுகிறது! எத்தனை பெட்டி, எத்தனை இருக்கை! அத்தனையையும் விட்டுவிட்டு அந்த மனுசி தயாபரனின் முழங்காலுக்கு முன்னால்தான் வந்து இருந்திருக்கிறாள். கோயில் மடப்பள்ளியில் யோகாம்பாள் அக்காவுக்குத் தெரியாமல் ஒரு கடுகு வெடிக்காது. அவள் ஒரு கதையைக் கேட்டால், அந்தக் கதை அவள் இறங்குவதற்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்துவிடும். தயாபரனின் வீட்டுக்கு.

"எங்கை தம்பி போட்டு வாறியள்?"

"வீடிக்கோனுக்கு அக்கா. கறிவேப்பிலை வாங்க."

"ஏன், எங்கடை ஓர்லிகோன் கடையளிலை கறிவேப்பிலை இல்லையோ?"

"இருக்கு. இது கொஞ்சம் பிஞ்சு இலை."

யோகாம்பாள் அக்கா ஒரு இலையை இணுங்கி முகர்ந்து பார்த்தாள். "முத்தல்" என்றாள்.

ட்ராம் அடுத்த வளைவில் திரும்பியது. கிணிங்.

"உதென்ன சத்தம்?"

"நல்லெண்ணெய்."

"ரெண்டு போத்தலோ?"

"மற்றது... மற்றதும் நல்லெண்ணெய்தான்."

"அவ்வளவு எண்ணெய் என்னத்துக்கு?"

"தலைக்கு அக்கா."

யோகாம்பாள் அக்கா தயாபரனின் தலையைப் பார்த்தாள். எண்ணெய் வைக்க அங்கே இடம் தாராளமாக இருந்தது. முடிதான் இருக்கவில்லை. அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு இருமல் இருமினாள். பிறகு பைக்குள் எட்டிப் பார்த்து, "வடை எல்லாம் முடிஞ்சுது போலை?" என்றாள்.

"ஓம் அக்கா. பசிச்சுது."

"நல்லது தம்பி, நல்லது" என்றாள் அக்கா, ஏதோ பெரிய காரியம் நிறைவேறினதுபோல. தயாபரனுக்கு அந்த 'நல்லது' பிடிக்கவில்லை. இரண்டு தரிப்பு முந்தியே இறங்கி மிச்சத் தூரம் நடந்தார். போத்தல் முட்டாதபடி பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். அவருடைய கண்ணுக்கு முன்னால் ஒரு சிவப்பு சூட்கேஸ் வந்து நின்றது.

அந்தச் சூட்கேசின் கதையைச் சொல்லாவிட்டால் இந்த மனிசன் ஏன் இப்படி நடுங்குகிறார் என்பது விளங்காது.

ஒரு கல்யாணம். மண்டபத்துக்குள் நாதஸ்வரம், மண்டபத்துக்கு வெளியே கார் பார்க். எங்கள் கல்யாணங்களில் மண்டபத்துக்குள் பெண்களுக்குச் சடங்கும், கார் பார்க்கில் ஆண்களுக்கு ஒரு காரின் டிக்கியும் திறந்திருக்கும். டிக்கிக்குள் விஸ்கி, பிளாஸ்டிக் கப், ஒரு பாக்கெட் மிக்சர். தயாபரன் அங்கே மூன்று தரம் போய் வந்தார். பிறகு மேடைக்கு ஏறி, மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்ற தோழனுக்கு அறுகரிசி போட்டார். தலையில், தோளில், முழங்காலில், முறைப்படி எல்லாம் போட்டு, "கெதியிலை ஒரு பெடியன் பிறக்கட்டும்" என்று ஆசீர்வதித்தார். தோழன் கூச்சப்பட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். அதையும் வீடியோக்காரன் கிட்டப் போய் எடுத்துவிட்டான். இன்றைக்கும் அந்த வீட்டுக்கு ஆர் போனாலும் தேத்தண்ணியோடு அந்த இடத்தைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள்.

அடுத்த நாள் காலை தயாபரனின் மனைவி குணேஸ்வரி ஒரு வார்த்தை பேசவில்லை. சிவப்பு சூட்கேசை அடுக்கினாள். நொஷாட்டலில் இருக்கும் தங்கை சிவரூபினியிடம் ரயிலேறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைத் தயாபரன் இன்றுவரை ஒருவருக்கும் முழுதாகச் சொல்லவில்லை. புட்டு அவித்தார்; அது சுவரில் பூசுகிற சாந்தாக வந்தது. உப்பு எங்கே இருக்கிறது என்று தேடி, கடைசியில் கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்தார். கட்டடத்தின் சலவை அறையில் தங்கள் முறை எந்த நாள் என்று தெரியாமல் கீழ் வீட்டுக்காரியின் நாளில் போய் மெஷினைப் போட்டார். அந்த மனுசி அவருடைய ஈர உடுப்பை ஒழுங்காக மடித்து, அவர் வாசலில் வைத்து, கதவைத் தட்டி, "இன்றைக்கு என் நாள்" என்று புன்னகையோடு சொன்னாள். அந்தப் புன்னகையைவிட கன்னத்தில் ஒரு அறை தந்திருக்கலாம். ஆனால் எல்லாவற்றிலும் கொடுமை வீட்டுச் சத்தம். சத்தமில்லாத சத்தம். ட்ராம் பணிமனையில் இரவு முழுக்கத் தனியாக ட்ராம் கழுவுகிற மனிசன் அவர். விடிய வீட்டுக்கு வந்தால் ஏசுவதற்காவது ஒரு ஆள் வேண்டாமா?

நொஷாட்டலுக்கு ஓடினார். சிவரூபினி வீட்டுச் சாமி அறையில் தட்டில் கற்பூரம் எரிந்தது. சிவரூபினி தட்டைப் பிடித்தாள், குணேஸ்வரி தயாபரனின் கையைப் பிடித்துக் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தாள்.

"இனி விஸ்கி தொடமாட்டன். பிராண்டி தொடமாட்டன். சாராயம் தொடமாட்டன்" என்று தயாபரன் சொல்லி முடிக்கவும் கற்பூரம் அணைந்துவிட்டது. பியர் என்று சொல்ல அவகாசம் இருக்கவில்லை. அது தன்னுடைய பிழையல்ல, கற்பூரத்தின் பிழை என்பது அவருடைய கட்சி. இந்தக் கட்சியை அவர் குணேஸ்வரிக்கு முன்னால் எடுத்து வைத்ததில்லை. பணிமனையில் கூட வேலை செய்யும் கஜீவனிடம்தான் சொன்னார்.

கஜீவன் இங்கே பிறந்த பெடியன். அவன் சிரித்துவிட்டு, "அண்ணை, நீங்கள் கிராஃப்ட் பியர் பழகுங்கோ, கொஞ்சம் கொஞ்சமாக் கைப்பக்குவத்திலை வடிக்கிறது. அது குடிக்கிறேல்லை, ருசி பாக்கிறது. படம் பாக்கிற மாதிரி" என்றான்.

"மணக்குமோ?"

"மணம்தான் அண்ணை அதிலை விசேஷம்."

"ஐயோ!"

பயந்து பயந்துதான் முதல் முறை போனார். வீடிக்கோனில் ஒரு பக்கத் தெரு. சவரக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் நாலுபேர் நின்றால் நிறைந்துவிடுகிற கடை. சுவர் முழுக்கப் போத்தல். ஒவ்வொரு போத்தலிலும் ஒரு சித்திரம்: கண்ணாடி போட்ட கரடி, சைக்கிள் ஓடுகிற மீன். கடைக்காரனுக்கு ரேத்தோ என்று பெயர். தாடி நெஞ்சுவரை. அவன் தயாபரனைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்: "உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

தனக்குப் பின்னால் வேறு ஆரும் நிற்கிறார்களோ என்று தயாபரன் திரும்பிப் பார்த்தார். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவரிடம் பெயர் கேட்டிருக்கிறார்கள், விசா கேட்டிருக்கிறார்கள், எந்த இரவு வேலைக்கு வரமுடியும் என்று கேட்டிருக்கிறார்கள். என்ன பிடிக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. பியருக்காக மட்டும் என்றால் அவர் மறுபடி போயிருக்க மாட்டார். அந்தக் கேள்விக்காகப் போனார்.

பிறகு அது நோயாகிவிட்டது. பின்னேரம் நித்திரை விட்டு எழும்பினால் கால் தானாகப் பரபரக்கும். வீடிக்கோனில் வேப்பம்பூ வடகம் மாதிரிக் கசக்கிற பியர் நல்லது. லாங்ஸ்ட்ராஸவுக்குப் பின்னால் ஒரு கடையில் கறுத்த பியர். தேங்காய்ச் சிரட்டையைச் சுட்ட மணம். அல்ட்ஸ்டெட்டனில் புளிக்கிற ஒன்று. முதல் மிடறுக்கு முகம் கோணும், இரண்டாம் மிடறுக்கு மனம் நேராகும். வாங்கி, ஆற்றங்கரை மரவாங்கில் இருந்து, ஒவ்வொரு மிடறுக்கும் இடமும் வலமும் பார்த்துக் குடிப்பார். சாலையில் சேலை ஒன்று தெரிந்தால் போத்தல் கோட்டுக்குள் போய்விடும். குடித்து முடிந்ததும் கண்ணாடிப் போத்தல் போடுகிற தொட்டிக்குப் போய், நிறம் பார்த்து, பச்சையைப் பச்சைக்கும் மண்ணிறத்தை மண்ணிறத்துக்கும் போடுவார். களவிலும் சட்டம் மீறமாட்டார். உள்ளே போத்தல் உடைகிற சத்தத்துக்குத் தானே திடுக்கிட்டு நாலு பக்கமும் பார்ப்பார். பிறகு மூன்று கிராம்பு, ஒரு பிடி பச்சைக் கறிவேப்பிலை. அவர் தின்ற கறிவேப்பிலைக்கு ட்ராம் சீட்டுக்கே முடி முளைத்திருக்க வேண்டும்.

இந்தப் பயணங்களுக்குத் துணை குணேஸ்வரியின் தட்டை வடை. பருத்தித்துறை வடை என்று எங்கள் ஆட்கள் சொல்வார்களே, மெல்லிசாகத் தட்டி, செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் போட்டு மொறுமொறுக்கப் பொரிப்பது. அதை ஒரு ஐஸ்கிரீம் பெட்டியில் போட்டு எடுத்துப் போவார்.

அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு சொல். கோயில் அன்னதானத்துக்கு வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுபோகிற பெண்கள் எல்லோரும் மூடியில் பெயரும் டெலிபோன் நம்பரும் எழுதி ஒட்டிவிடுவார்கள். இல்லாவிட்டால் உங்கள் மூடி இன்னொருத்தியின் சட்டிக்குப் போய், அவளுடைய மூடி பேர்ண் நகரத்துக்குப் போய், ஆறு மாதத்துக்கு மடப்பள்ளியில் முகம் பாராமை நடக்கும். குணேஸ்வரியின் வீட்டில் உள்ள எல்லா மூடியிலும் அழகான கையெழுத்தில் 'குணேஸ்வரி', கீழே நம்பர், அதற்கு மேல் ஒட்டுநாடா. தண்ணி பட்டாலும் அழியாது.

ஒருநாள் ரேத்தோவின் கடையில் தயாபரன் மரியாதைக்கு ஒரு வடையை நீட்டினார். ரேத்தோ கடித்தான். கடையே 'மொறுக்' என்றது. அவன் கண்ணை மூடினான். தாடியில் ஒட்டிய தூளையும் விரலால் எடுத்துச் சாப்பிட்டான். "இது என்ன?" என்றான். இன்னொரு வடை எடுத்துப் பக்கத்தில் நின்ற வாடிக்கையாளனுக்குக் கொடுத்தான். அவனும் கண்ணை மூடினான்.

அந்த நேரம் பார்த்துக் கண்ணாடிக்கு வெளியே ஒரு நீலச் சேலை. தயாபரன் குனிந்தார், தவழ்ந்தார், பின் கதவால் பாய்ந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் பெட்டி ஞாபகம் வந்தது.

"இஞ்சருங்கோ, வடை கொண்டுபோன பெட்டி எங்கை?"

குசினியிலிருந்து வந்த குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. தயாபரன் சப்பாத்தைக் கழற்றுவதுபோலக் குனிந்துகொண்டார்.

"டிப்போவிலை விட்டிட்டன்."

"மூடியுமோ?"

"மூடியும்தான்."

"நாளைக்கு எடுத்துக்கொண்டு வாங்கோ. மூடி கவனம்."

அடுத்த நாள் ஓட்டமாக ஓடினார். பெட்டி, கழுவித் துடைத்து, மூடி இறுக்கி, தயாராக இருந்தது. தாடிக்குள் ரேத்தோ சிரித்தான். அப்பாடா என்று தயாபரன் பெட்டியை வாங்கி, மூடியில் இருந்த மனைவியின் பெயரையும் நம்பரையும் இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருக்கு அதிர்ஷ்டம் அடிக்கத் தொடங்கியது.

காலையில் கஜீவன் போனில் தகவல் அனுப்புவான்: 'அண்ணை, விப்கிங்கனில் ஒரு புதுக் கடை, திறமான சாமான்.' எப்படிப் போவது, என்ன சாட்டுச் சொல்வது என்று தயாபரன் படுக்கையில் புரண்டுகொண்டிருக்க, குணேஸ்வரி வந்து, "இஞ்சருங்கோ, விப்கிங்கனிலை தையல்காரியிட்டை என்ரை சட்டை கிடக்கு, எடுத்துக்கொண்டு வாறியளோ?" என்பாள். அல்ட்ஸ்டெட்டனில் கடை என்று கஜீவன் சொன்னால், அவளுக்கு அல்ட்ஸ்டெட்டன் மீன்தான் வேண்டும். முன்பெல்லாம் ஒரு பாக்கெட் பால் வாங்கிவரச் சொன்னாலும், "நான் இரவு வேலை செய்யிற மனிசன்" என்று போர்வையை இழுத்து மூடுகிறவர் தயாபரன். இப்போது சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். முருகன் மன்னித்துவிட்டான் என்றே நினைத்தார்.

வடைப் பெட்டியும் வளர்ந்தது. ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகியது.

"மூண்டு பெட்டி என்னத்துக்கப்பா?"

"பசிக்கும்."

"எனக்கு மூண்டு பெட்டிப் பசியோ?"

"மிச்சத்தை ஆருக்காவது குடுங்கோ. ஒரு சனத்தோடையும் பழகாமல் இருக்கிறியள். பழகுங்கோ."

அவர் பழகினார். போகிற கடையெல்லாம் ஒரு பெட்டி கொடுத்தார். கடைக்காரர்கள் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே சிரித்தார்கள். எவ்வளவு நல்ல சனம் என்று தயாபரன் நினைத்துக்கொண்டார்.

ஆனால் வாழ்க்கை இவ்வளவு லேசாகப் போவதற்கு அவர் பழக்கப்பட்டவரல்ல. யோகாம்பாள் அக்காவைச் சந்தித்த அன்று, கறிவேப்பிலை மென்ற பல்லோடு கதவைத் திறந்தபோது, ஏச்சு வரும் என்று தோளைச் சுருக்கினார். ஏச்சு வரவில்லை.

"வந்திட்டியளோ? கை கால் கழுவிப்போட்டு வாங்கோ, தேத்தண்ணி போடுறன்."

தேத்தண்ணி! கேட்காமலே!

"வடை எப்பிடி?" என்றாள் குணேஸ்வரி.

"நல்லம்."

"சனத்துக்குப் பிடிச்சுதோ?"

"எந்தச் சனம்?"

"நீங்கள் பழகிற சனம்."

"ஓம். ஓம்."

"உறைப்புக் கூடவோ?"

"உறைப்பு கொஞ்சம் குறைச்சால் இந்த வெள்ளைக்காரர்..." என்று தொடங்கிய தயாபரன் நாக்கைக் கடித்தார்.

"எந்த வெள்ளைக்காரர்?"

"டிப்போவிலை. டிப்போ வெள்ளைக்காரர்."

"சரி, குறைக்கிறன்" என்றாள் குணேஸ்வரி. பிறகு முணுமுணுத்து ஒரு பாட்டும் பாடினாள்.

தயாபரன் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். இருபத்தைந்து வருசத்தில் இந்தப் பெண் பாடி அவர் கேட்டதில்லை. முகர்ந்து பார்க்கவில்லை, கண்ணைப் பார்க்கவில்லை, பையைக் கிளறவில்லை. கல்யாண வீட்டுக்கு அடுத்த நாளும் இப்படித்தான் ஏசாமல் இருந்தாள். இந்தத் தேத்தண்ணி நாளிலிருந்து அவருக்கு நித்திரை போனது. வீட்டில் எந்நேரமும் எண்ணெய் மணம். பெரிய தாச்சி ஒன்று வந்து அடுப்பில் ஏறியிருந்தது. "கோயில் திருவிழாவுக்கு" என்றாள். தயாபரனுக்கு எல்லாமே ஒரு பிரிவுபசாரம் மாதிரித் தெரிந்தது.

அந்தப் பிரிவும் வந்தேவிட்டது.

ஒரு பின்னேரம் எழும்பி வரவேற்பறைக்கு வந்தார். நடுவில் சிவப்பு சூட்கேஸ். பூட்டி, நிமிர்த்தி, கைபிடி இழுத்து வைத்திருந்தது. குணேஸ்வரி முதுகைக் காட்டிக்கொண்டு போனில் தங்கையோடு கதைத்துக்கொண்டு நின்றாள்.

"ஓம் ரூபி. எல்லாம் அடுக்கியாச்சு. நாளைக்கு ரயில். இல்லை, அவருக்கு இன்னும் சொல்லேல்லை."

தயாபரன் சோபாவில் இருக்கவில்லை, விழுந்தார். சலவை அறை, சாந்துப் புட்டு, அந்தச் சத்தமில்லாத வீடு எல்லாம் ஒரே அலையாக வந்து மூடியது. அவள் போனை வைக்கவும் அவர் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"குணம், போகாதையும்! சொல்லிப்போடுறன், எல்லாத்தையும் சொல்லிப்போடுறன். பியர்தான். விஸ்கி இல்லை, முருகனறிய இல்லை. வீடிக்கோனிலை ரேத்தோவின்ரை கடை. லாங்ஸ்ட்ராஸவுக்குப் பின்னாலை ஒண்டு. விப்கிங்கனிலை பாலத்துக்குக் கீழை ஒண்டு. அல்ட்ஸ்டெட்டனிலை புளிச்ச பியர். நல்லெண்ணெய் எண்டு யோகாம்பாள் அக்காவுக்குச் சொன்னது பொய். கறிவேப்பிலைக்குக் கீழை கொண்டுவந்தனான். நிலவறையிலை அரிசிப் பைக்குப் பின்னாலை ரெண்டு கிடக்கு. அவ்வளவுதான். சத்தியமா அவ்வளவுதான்!"

குணேஸ்வரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"அப்ப சேபாக்?"

தயாபரன் சோபாவில் நிமிர்ந்தார். சேபாக் கடைதான் எல்லாவற்றிலும் திறம். அங்கே மாம்பழ மணத்தில் ஒரு பியர் இருந்தது. எல்லாம் போனாலும் அந்த ஒன்றாவது மிஞ்சட்டும் என்று வேண்டுமென்றே விட்டிருந்தார்.

"உமக்கு... உமக்கு எப்பிடித் தெரியும்?"

குணேஸ்வரி குசினிக்குப் போய் ஒரு ஐஸ்கிரீம் பெட்டி மூடியோடு திரும்பி வந்தாள். அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள். 'குணேஸ்வரி', கீழே நம்பர்.

"பெட்டியை விட்டிட்டுப் பின் கதவாலை ஓடின அண்டைக்குப் பின்னேரமே ரேத்தோ எனக்குப் போன் அடிச்சிட்டான். நீங்கள் வீட்டுக்கு வந்து சேர முதலே."

"என்ன கேட்டவன்?"

"'இந்த வடை செய்யிறது நீங்களோ, கடைக்குக் கிழமைக்குக் கிழமை தர ஏலுமோ' எண்டு. பிறகு, 'உங்கடை டெலிவரிக்காரர் திடீரெண்டு நிலத்திலை விழுந்து தவழ்ந்து போனார், அவருக்குச் சுகமோ' எண்டும் கேட்டவன்."

"டெலிவரிக்காரரோ!"

"புருசன் எண்டு சொல்ல எனக்கு வெக்கமாயிருந்தது. ஓம், சுகம் எண்டன்."

தயாபரனுக்குத் தலை சுற்றியது. தையல்காரி, மீன், மூன்று பெட்டி, பழகுங்கோ... ஒவ்வொன்றாகத் திரும்பி நின்று அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டின.

"அப்ப கஜீவன்?"

"பாவம் அந்தப் பெடியன். எந்தெந்தக் கடை எங்கை இருக்கெண்டு அவனுக்குத்தான் தெரியும். எனக்குச் சொல்லுவான், நான் சொல்லச் சொன்ன பிறகு உங்களுக்குச் சொல்லுவான். அவனுக்கும் ஒரு பெட்டி வடை."

"யோகாம்பாள் அக்கா?"

"அவதான் என்னோடை மா குழைக்கிறது. ட்ராமிலை சிரிப்பை அடக்கேலாமல் செத்துப்போனாவாம். தலைக்கு நல்லெண்ணெயோ?"

தயாபரன் தலையைத் தடவினார். அவமானம்தான். ஆனால் அவமானத்துக்கு அடியில் ஒரு சின்ன ஆறுதல் எட்டிப் பார்த்தது. "அப்ப உமக்குக் கோவம் இல்லையோ?"

"கோவத்தைப் பிறகு பாப்பம். இப்ப ஓடர் கிடக்கு."

"நான் குடிச்சதுக்கு..."

"சாம்பிள் காட்டப் போற ஆளுக்கு ஒரு போத்தல் கூலி எண்டு விட்டனான். இப்ப எல்லாக் கடையும் நிரந்தரம். இனிக் கூலி இல்லை."

"கற்பூரத்திலை பியர் சொல்லேல்லைத்தானே..."

"சாமி அறையிலை ஒரு பாக்கெட் கற்பூரம் கிடக்கு. எடுக்கட்டோ?"

"வேண்டாம், வேண்டாம்." தயாபரன் சூட்கேசைப் பார்த்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை. "பிறகேனப்பா நொஷாட்டலுக்குப் போறீர்?"

"நான் எங்கை போறன்? எனக்கு இஞ்சை பொரிக்கிற வேலை கிடக்கு. திறந்து பாருங்கோ."

திறந்தார். உள்ளே ஒரு சேலை இல்லை. அடுக்கடுக்காக ஐஸ்கிரீம் பெட்டி. எல்லா மூடியிலும் குணேஸ்வரி.

"ரூபி அங்கை மூண்டு பியர்க்கடை பாத்துக் கதைச்சு வைச்சிருக்கிறாள். கொண்டுபோய்க் குடுத்திட்டு வாங்கோ."

"ஆர்?"

"டெலிவரிக்காரர்."

அடுத்த நாள் சூரிச் பிரதான நிலையத்தில் நொஷாட்டல் ரயில் நின்றது. சிவப்பு சூட்கேசை மேல்தட்டில் ஏற்றிவிட்டுத் தயாபரன் யன்னலோரம் இருந்தார். இரவு முழுக்கப் பயந்த மனிசனுக்கு இப்போதுதான் மூச்சு நேராக வந்தது. அவள் போகவில்லை. வீடு இருக்கிறது. ஏச்சும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

வேறொன்றும் வேண்டும் என்று மெல்ல ஒரு எண்ணம் தலை தூக்கியது. நொஷாட்டல். ஏரிக்கரை. வேறு பாசை. அங்கே ரேத்தோ இல்லை, பதினாலாம் நம்பர் ட்ராம் இல்லை, யோகாம்பாள் அக்கா நிச்சயமாக இல்லை. மூன்று புதுக் கடை. அங்கேயும் ஒருவன் கவுண்டருக்குப் பின்னால் நின்று, உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று பிரெஞ்சில் கேட்பான். தயாபரனின் முகம் தன்பாட்டில் மலர்ந்தது. வாசலுக்கு வந்து மனைவிக்குக் கை காட்டினார், கொஞ்சம் உற்சாகமாகவே.

குணேஸ்வரி அந்த முகத்தை ஒருமுறை பார்த்தாள். நடைமேடையில் நின்றவள் ரயில் கதவுக்குக் கிட்ட வந்தாள்.

"இஞ்சருங்கோ, சொல்ல மறந்திட்டன். சூரிச்சிலை நீங்கள் கண்டுபிடிச்ச கடையெல்லாத்துக்கும் சொல்லியாச்சு. எங்கடை டெலிவரிக்காரருக்கு அப்பிள் ஜூஸ் மட்டும் குடுங்கோ எண்டு."

"சேபாக்குக்குமோ?"

"சேபாக்குக்குத்தான் முதல்."

தயாபரன் மேல்தட்டில் இருந்த சூட்கேசைத் திரும்பிப் பார்த்தார். பரவாயில்லை, நொஷாட்டல் இருக்கிறது என்று மனதுக்குள் அந்த மூன்று கடையையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். விசில் ஊதியது. கதவு மூடப் பார்த்தது.

"ரூபி பிரெஞ்சிலையும் சொல்லிப்போட்டாள்" என்றாள் குணேஸ்வரி.